ஸ்கிரம் முறையில் வேலை செய்வது: மதுரைக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் சிறிய மென்பொருள் குழுக்களோடு பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் இருப்பவர்கள், கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் ஆறு பேராக உட்கார்ந்து வேலை செய்பவர்கள், கணினியை அதிகம் தொடாத சாயப்பட்டறைக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றில்தான் குழு பிழைப்பதும் உடைவதும் இருக்கிறது. அங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

அஜைல், ஸ்கிரம் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. அஜைல் ஒரு மனப்போக்கு. வேலையைச் சிறு துண்டுகளாகச் செய்வது, ஒவ்வொரு துண்டையும் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டுவது, அவர் சொன்னதைக் கேட்டு அடுத்த துண்டை மாற்றுவது என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். அந்த மனப்போக்கை அன்றாட வேலைக்குள் கொண்டுவரும் சட்டகங்களில் ஒன்றுதான் ஸ்கிரம். கான்பான், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று வேறு வழிகளும் உண்டு.

ஸ்கிரமில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனர், முறை சரியாக நடக்கவும் தடைகள் நீங்கவும் உதவும் ஸ்கிரம் மாஸ்டர், வேலையைச் செய்யும் டெவலப்பர்கள் என்று மூன்று பொறுப்புகள். குழு பெரும்பாலும் பத்துப் பேருக்குள் இருக்கும். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் முன்னுரிமைப்படி அடுக்கிய பட்டியல் புராடக்ட் பேக்லாக்; அதிலிருந்து இந்தச் சுற்றுக்கு எடுத்துக்கொண்டது ஸ்பிரிண்ட் பேக்லாக். ஒரு சுற்றின் பெயர் ஸ்பிரிண்ட். சுற்றின் தொடக்கத்தில் திட்டமிடல், தினமும் பதினைந்து நிமிடக் கூட்டம், முடிவில் செய்ததைக் காட்டும் ரிவ்யூ, வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ. சட்டகம் இவ்வளவுதான். படித்துப் புரிந்துகொள்ள ஒரு பிற்பகல் போதும். கடைப்பிடிப்பதுதான் கடினம்.

இது எங்கிருந்து வந்தது?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருளாளர்கள் கூடி, அஜைல் என்ற பெயரில் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் நான்கு விழுமியங்கள், 12 கொள்கைகள். கருவிகளையும் நடைமுறைகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும், விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருள், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பது, திட்டத்தை அப்படியே பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது: இவை அந்த நான்கு. ஆவணமே வேண்டாம், ஒப்பந்தமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு, இவற்றுக்குக் கூடுதல் மதிப்பு என்றார்கள்.

ஸ்கிரம் இதற்கும் மூத்தது. ஹிரோடகா தகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில், புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்களை ரக்பி அணியோடு ஒப்பிட்டார்கள். பந்தை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டு மொத்த அணியும் ஒன்றாக முன்னேறுகிற காட்சி அது. ஸ்கிரம் என்பது அந்த ஆட்டத்திலிருந்து வந்த சொல். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் மென்பொருளுக்கான ஸ்கிரமை 1995-ல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். அதன் கையேட்டை 2010-ல் வெளியிட்டார்கள். 2020 நவம்பரில் திருத்தினார்கள்.

அப்படியானால் திட்டமே போடாமல் வேலை செய்வதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலாக, எங்கள் குழு பட்டதைச் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் கணக்கு எழுதும் செயலி வேண்டும் என்றார்கள். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஆறு மாதத்துக்குத் திட்டம் போட்டோம். கடைக்காரரிடம் இரண்டு முறை பேசினோம், இரண்டும் எங்கள் அலுவலகத்தில், மதிய நேரத்தில். எல்லாத் திரைகளையும் வரைந்து, அவரிடம் ஒப்புதல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மாதம் எழுதினோம். சொன்ன தேதியில் முடித்தோம். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது.

பிறகு ஒருநாள் விடிவதற்கு முன் கடைக்குப் போனோம். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து மல்லிகையும் பிச்சியும் சம்பங்கியும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். எடை போடுகிற பையனின் கை முழுவதும் ஈரம். ஈர விரலுக்கு எங்கள் தொடுதிரை கட்டுப்படவில்லை. அவன் மூன்று முறை துடைத்துப் பார்த்தான். நான்காம் முறை கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மற்றவையும் தெரிந்தன. முகூர்த்த நாளின் முந்தைய காலையில் மல்லிகை விலை ஒருமணி நேரத்துக்குள் இரண்டு மூன்று முறை மாறுகிறது. நாங்களோ ஒரு பூவுக்கு ஒரு நாளைக்கு ஒரே விலை என்று வைத்திருந்தோம். விவசாயி வாங்கிய முன்பணத்தை அன்றன்றைய சீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறார்கள். நாங்கள் அதை மாதக் கடைசி அறிக்கையில் வைத்திருந்தோம். கடைக்காரர் எங்களைத் திட்டவில்லை. "தம்பி, இதையெல்லாம் நீங்கள் கேட்கவே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி தொடங்கியபோது இரண்டு வாரச் சுற்றுகளாகச் செய்தோம். முதல் சுற்றில் ஒரே ஒரு வேலை: எடையையும் விலையையும் தட்டினால் சீட்டு அச்சாக வேண்டும். தொடுதிரைக்குப் பதில் விலை மலிவான ஒரு எண் விசைப்பலகை. வேறெதுவும் இல்லை. அதைக் கடையில் வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் போய்ப் பார்த்தோம். முன்பணக் கழிவு மூன்றாம் சுற்றில் வந்தது. நாங்கள் முதலில் மிகவும் உழைத்துக் கட்டிய வரைபடப் பக்கத்தை அவர் கடைசிவரை கேட்கவேயில்லை.

ஆகவே, ஸ்கிரமில் திட்டம் உண்டு. முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டதை இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம், கூடுதலாகத் தெரிந்துகொண்டதை வைத்து.

ஒரு ஸ்பிரிண்ட் எத்தனை நாள் இருக்க வேண்டும்? சித்திரைத் திருவிழா வந்தால் என்ன செய்வது?

கையேட்டின்படி ஒரு மாதம் அல்லது அதற்குக் குறைவு. பெரும்பாலான குழுக்களுக்கு இரண்டு வாரம் சரியாக வருகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதையே கொஞ்ச காலம் மாற்றாமல் வைத்திருங்கள்.

சித்திரையில் மீனாட்சி கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று அடுத்தடுத்து வரும். பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள், மீதிப் பேர் கோரிப்பாளையத்தைத் தாண்டி வர முடியாது. அந்த வாரத்துக்காக ஸ்பிரிண்டை நீட்டாதீர்கள். நாள் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, எடுத்துக்கொள்ளும் வேலையைக் குறையுங்கள். இதைத் திட்டமிடல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். திருவிழா எப்போது வருகிறது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். திட்டத்துக்கு மட்டும் தெரியாமல் போவதுதான் வருத்தம்.

தினசரிக் கூட்டம் எங்களுக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. அவசியமா?

உங்கள் கூட்டம் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். பேசுகிறவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார்? மேலாளரைப் பார்த்து, "நேற்று இதைச் செய்தேன் சார், இன்று அதைச் செய்வேன் சார்" என்றால், அது வருகைப்பதிவுதான். வீணாகத் தெரிவதில் வியப்பில்லை.

அந்தப் பதினைந்து நிமிடம் டெவலப்பர்களுடையது. ஸ்பிரிண்டுக்கு என்று ஒரு குறிக்கோள் வைத்திருக்கிறோம், அதை அடைவோமா, இன்று எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கானது. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளும் 2020 கையேட்டில் இல்லை; எந்த வடிவத்தில் பேசுவது என்பதைக் குழுவே முடிவு செய்துகொள்ளலாம்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரியவர் முன்னால் "முடியாது" என்று சொல்வது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். "வியாழக்கிழமைக்குள் முடிந்துவிடுமா?" என்று கேட்டால், கல்லூரியிலிருந்து வந்து ஆறு மாதமான பெண், முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்தாலும் "முடிந்துவிடும் சார்" என்றுதான் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை, மரியாதை காட்டுகிறாள். அந்த மரியாதையின் விலை வியாழக்கிழமை மாலையில் தெரியும், அப்போது எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

இதை மாற்றுகிற பொறுப்பு அவளுடையது இல்லை, மூத்தவருடையது. குழுவில் மிக அனுபவம் உள்ளவர் முதலில் பேசட்டும், அதுவும் தனக்குத் தெரியாததைப் பற்றி: "இந்த வங்கி இணைப்பு எனக்குப் பிடிபடவில்லை, நேற்று முழுவதும் அதிலேயே போய்விட்டது, யாராவது என்னோடு உட்காருங்கள்." இப்படி ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வாரம் அந்தப் பெண்ணும், "எனக்கு வியாழக்கிழமைக்குள் முடியாது போலிருக்கிறது அண்ணே" என்று திங்கட்கிழமையே சொல்வாள். திங்கட்கிழமை சொன்னால் உதவ நேரம் இருக்கிறது. ஸ்கிரமின் மற்ற எல்லாக் கூட்டங்களையும் நீங்கள் குறையில்லாமல் நடத்தினாலும், கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேரும் இந்த வழி அடைபட்டிருந்தால் பயன் இல்லை. நான் பார்த்த குழுக்கள் தடுமாறியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

புராடக்ட் ஓனர் யாராக இருக்க வேண்டும்? எங்கள் முதலாளியே இருக்கலாமா?

இருக்கலாம், அவருக்கு நேரம் இருந்தால். புராடக்ட் ஓனர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும், குழுவாக இருக்கக் கூடாது. எது முதலில், எது பிறகு என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்மையாகவே இருக்க வேண்டும். குடும்பத் தொழில்களில் அப்பா ஒன்று சொல்வார், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த மகன் ஒன்று சொல்வார், கணக்குப் பார்க்கும் மாமா மூன்றாவதாக ஒன்றைத் தொலைபேசியில் சொல்வார். மூன்றையும் செய்ய முயன்று குழு நொந்துபோகும். மூவரும் வீட்டில் பேசி முடித்துக்கொண்டு, ஒருவர் வாயால் சொல்லட்டும். அந்த ஒருவர் முடிவெடுத்த பிறகு மற்ற இருவரும் டெவலப்பரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

ஸ்கிரம் மாஸ்டர் முழுநேரமாக வேண்டுமா?

ஆறு பேர் குழுவுக்கு அவசியமில்லை. ஒரு டெவலப்பரே அந்தப் பொறுப்பையும் ஏற்கலாம். ஆனால் மேலாளரை ஸ்கிரம் மாஸ்டர் ஆக்காதீர்கள். சம்பள உயர்வை முடிவு செய்கிறவரிடம் தடையை மனம்விட்டுச் சொல்வது எளிதில்லை.

வேலை "முடிந்தது" என்று எப்போது சொல்லலாம்?

சுங்குடிச் சேலை செய்கிறவர்களிடம் இதற்கு நல்ல விடை இருக்கிறது. துணியில் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளைக் கையால் போடுகிறார்கள். சாயத்தில் தோய்க்கிறார்கள், காயவைக்கிறார்கள். முடிச்சுகளை அவிழ்த்து விரித்த பிறகுதான் புள்ளிகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று தெரியும். முடிச்சுப் போட்டு முடித்த துணியை யாரும் சேலை என்று விற்பதில்லை.

மென்பொருளில் நாம் அதைத்தான் செய்கிறோம். நிரல் எழுதியாகிவிட்டது, என் கணினியில் ஓடுகிறது, ஆகவே முடிந்தது என்கிறோம். சோதித்தாயிற்றா, இன்னொருவர் படித்துப் பார்த்தாரா, வாடிக்கையாளரின் கணினியில் நிறுவியாயிற்றா, தமிழில் பெயர் தட்டினால் சரியாக அச்சாகிறதா என்று கேட்டால் ஒவ்வொன்றாக வெளிவரும். ஆகவே "முடிந்தது" என்றால் எங்கள் குழுவில் என்ன பொருள் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஐந்தாறு வரி போதும். அதில் ஒரு வரி குறைந்தாலும் அந்த வேலை ரிவ்யூவில் காட்டப்படாது, மீண்டும் பேக்லாக்குக்குப் போகும். முதல் இரண்டு மாதம் இது கசக்கும்.

ரெட்ரோவில் யாரும் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

முதலில், அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலாளி உட்கார்ந்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதுதான் நடக்கும். அவரை அன்போடு வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

பிறகு, பேசச் சொல்வதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு, பத்து நிமிடம், பெயர் வேண்டாம். எல்லாச் சீட்டையும் கலந்து ஒருவர் படிக்கட்டும். பேசத் தயங்குகிறவர்களின் சீட்டுகளில்தான் பெரும்பாலும் சரக்கு இருக்கும். ஒரு குழுவில் அப்படி வந்த ஒரு சீட்டில், "இரவு எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வேலை சொல்கிறார்கள், பதில் போடாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தூக்கம் வருவதில்லை" என்று இருந்தது. அதை எழுதியது யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அடுத்த சுற்றிலிருந்து எட்டு மணிக்கு மேல் செய்தி அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

பத்துக் குறைகள் வந்தால் பத்தையும் தீர்க்க முயலாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த ஸ்பிரிண்டிலேயே செய்து முடியுங்கள். சொன்னது நடந்தது என்று ஒருமுறை கண்டால்தான் அடுத்த முறை பேசுவார்கள். சொல்லியும் ஒன்றும் நடக்காத ரெட்ரோ, ரெட்ரோவே இல்லாததைவிட மோசம்.

ஸ்டோரி பாயிண்ட் போடத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு மதிப்பிட்டுப் போடும் புள்ளி அது; ஸ்கிரம் கையேட்டில் அந்தச் சொல்லே இல்லை. உதவினால் பயன்படுத்துங்கள். இரண்டு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிட்டு யார் அதிகம் உழைத்தார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். மறுவாரமே புள்ளிகள் வீங்கிவிடும்.

வாடிக்கையாளர் மொத்தத் தொகையும் முடிவுத் தேதியும் முன்கூட்டியே கேட்கிறார். அப்போது ஸ்கிரம் எப்படி?

கேட்பது நியாயம். அவர் வட்டிக்குப் பணம் வாங்கித்தான் இதைச் செய்கிறாராக இருக்கலாம். தொகையையும் தேதியையும் உறுதியாகக் கொடுங்கள். அம்சங்களின் பட்டியலை மட்டும் இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டாயம் வேண்டியவை எவை என்று பிரித்து, அவற்றை முதல் சுற்றுகளில் முடித்துவிடுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் அதே அளவுள்ள இன்னொன்றை எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயங்குகிற ஒன்றைக் கண்ணால் பார்க்கிற வாடிக்கையாளர், அறிக்கை மட்டும் வாங்கிப் படிக்கிறவரைவிட நிம்மதியாக இருக்கிறார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருக்கிறார். ரிவ்யூவை எப்போது வைப்பது?

கோடையில் அவருக்குக் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. குளிர்காலத்தில் நமக்கு ஏழரை ஆகிவிடும். பல நிறுவனங்கள் எல்லாக் கூட்டங்களையும் இரவுக்குத் தள்ளிவிடுகின்றன. கடைசி பஸ்ஸைப் பிடித்து மேலூர் வரை போகிற பெண்களுக்கு இது என்ன ஆகிறது என்று யோசியுங்கள். தினசரிக் கூட்டத்தைக் காலையிலேயே நம்மவர்கள் மட்டும் நடத்தலாம். வாடிக்கையாளர் கலந்துகொள்ள வேண்டியது ரிவ்யூவில்தான், அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவை நாம் தாமதமாக இருப்போம், மறுதடவை அவர் சீக்கிரம் எழுந்திருக்கட்டும். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிறார்கள். நாம் கேட்பதேயில்லை.

மென்பொருள் அல்லாத தொழிலுக்கு இது பொருந்துமா?

ஸ்கிரம் அப்படியே பொருந்தாமல் போகலாம். ஆர்டர் வர வர வேலை செய்கிற இடங்களுக்குக் கான்பான் நல்லது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய முறை அது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில், அலமாரியில் எவ்வளவு காலியானதோ அவ்வளவுதான் மீண்டும் நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் வந்தது.

தீபாவளிக்கு முன் தையல் கடைகளில் நடப்பதை எடுத்துக்கொள்வோம். புது மண்டபத்தில் தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து இன்றுவரை இதே கதைதான்: வந்த துணியையெல்லாம் வாங்கி வைப்பார்கள், எல்லாவற்றையும் வெட்டிப் போடுவார்கள், கடைசி இரவில் எதுவும் முழுதாகத் தைத்திருக்காது. வெட்டியது, தைப்பது, பட்டன் கட்டுவது என்று சுவரில் மூன்று பத்தி வரைந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து உருப்படிக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தால் போதும். ஐந்து நிரம்பிவிட்டால் புதிதாக வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தேங்கியதை முடிக்கக் கைகொடுக்க வேண்டும். கையில் வேலையில்லாமல் நிற்பது போலத் தோன்றும். ஆனால் முடிந்த சட்டைகளின் எண்ணிக்கை கூடும்.

இப்படிச் சிந்திப்பது மதுரைக்குப் புதிதும் இல்லை. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார்ப்படுத்திவிடுகிறார்கள். மருத்துவர் இருக்கையைத் திருப்பினால் போதும். அதற்கு யாரும் அஜைல் என்று பெயர் வைக்கவில்லை. வேலை எங்கே காத்துக்கிடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்தார்கள்.

எந்த வேலைக்கு ஸ்கிரம் வேண்டாம்?

செய்யவேண்டியது முழுவதும் தெரிந்த, நடுவில் மாறவே மாறாத வேலைக்கு வேண்டாம். ஒரே மாதிரியான ஐம்பது கணினிகளில் ஒரே மென்பொருளை நிறுவ வேண்டுமென்றால் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போதும்.

சான்றிதழ் வாங்க வேண்டுமா?

வேலை தேடுகிறவருக்கு உதவலாம். ஸ்கிரம் கையேடு இணையத்தில் இலவசம். கடன் வாங்கிப் பயிற்சிக்குப் போவதற்கு முன் அதை இரண்டு முறை படியுங்கள்.

நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

மென்பொருள் கருவி எதையும் வாங்காதீர்கள். சுவரில் ஒரு சார்ட் பேப்பர், ஒட்டும் சீட்டுகள் போதும். இப்போது கையிலிருக்கும் வேலைகளை எல்லாம் எழுதி ஒட்டுங்கள். எண்ணிக்கையைப் பார்த்தே பலருக்கு மூச்சு வாங்கும். அவற்றில் இரண்டு வாரத்தில் முழுதாக முடியக்கூடிய, யாரோ ஒருவருக்கு உடனே பயன்படும் ஒன்றை எடுங்கள். அந்த ஒருவரின் பெயரை அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள்.

முதல் ரிவ்யூவுக்கு அவரை உங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்கு, அவர் வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் போங்கள். குழுவில் ஒருவர் விடாமல் போங்கள், புதிதாகச் சேர்ந்தவரையும் அழைத்துக்கொண்டு. செய்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லாமல் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஸ்பிரிண்டின் பேக்லாக் அதுதான்.